எந்தப் பக்கம் நின்று எடுத்த படம்?

நாளிதழில் வெளிவரும் நிழற்படத்தைத் திறனாய்வுக்குரிய படைப்பாக நம்மவர் கருதுவது அரிது. கவிதைக்கும் சிறுகதைக்கும் கருத்தரங்கு நடத்துகிறோம், பரிசளிக்கிறோம், எதுகை பிழைத்தால் பூசலும் இடுகிறோம். படம் மட்டும் செய்திக்குப் பக்கத்தில் இடம் நிரப்ப வந்த ஒன்றாகவே நம் கண்ணுக்குப் படுகிறது. ஆயினும் இந்நாட்டுத் தமிழர் தெருவிலே திரண்ட நாள்களைப் பற்றிப் பேச்செழும்போது எவர்க்கும் அன்றைய தலையங்கம் நினைவுக்கு வருவதில்லை. ஏதோ ஒரு படந்தான் வருகிறது. அப்படத்தை எடுத்தவர் யார், எங்கே நின்று எடுத்தார், அவ்விடத்தில் நிற்க அவருக்கு இசைவளித்தவர் யார் என்னும் வினாக்களை நாம் எழுப்பியதில்லை. பினாங்குத் தெருக்களையும் அவற்றோடு தொடர்புடைய சில நிகழ்ச்சிகளையும் முன்வைத்து அவ்வினாக்களை இங்கே கேட்க முயல்கின்றேன். நான் படப்பிடிப்புக் கலையைக் கற்றவனல்லன். நாற்பது ஆண்டுகளாக நாளிதழ்ப் படங்களைக் கத்தரித்து அட்டைப்பெட்டியில் சேர்த்து வரும் வாசகன் என்ற உரிமை ஒன்றே எனக்குண்டு.

கடைத்தெரு என்று நம்மவர் வழங்கும் மார்க்கெட் ஸ்திரீட்டில் என் தந்தையார் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். கடைச்சுவரில் துங்கு அப்துல் ரகுமானும் நேருவும் எம்.ஜி.ஆரும் ஒரே வரிசையில் ஒட்டப்பட்டிருந்தனர். நாளிதழில் நல்ல படம் வந்தால் அதைக் கத்தரித்துப் பசை தடவி ஒட்டுவது அவர் வழக்கம். 1967ஆம் ஆண்டு நவம்பரில் எனக்கு வயது பத்து. அம்மாதம் 18ஆம் நாள் பிரிட்டன் தன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. அவ்வாண்டு ஜூன் மாதந்தான் இங்கே புதிய நாணயம் புழக்கத்திற்கு வந்திருந்தது. பவுண்டைச் சார்ந்திருந்த பழைய தாள்கள் அதனோடு சேர்ந்து சரிய, பழைய ஒரு வெள்ளி புதிய பணத்தில் 85 காசாயிற்று. வங்கியில் போட்டிருந்தவர்களை விட, பெட்டியடியிலும் தலையணைக்குள்ளும் சேர்த்து வைத்த ஏழைகளையே இது வாட்டிற்று. என் தந்தையார் பழைய தாள்களை மேசைமீது பரப்பி ஒவ்வொன்றாய் எண்ணியதும், எண்ணி முடித்துவிட்டு மறுபடி எண்ணியதும் இன்றும் என் கண்முன் நிற்கின்றன. தொழிற்கட்சி நவம்பர் 24ஆம் நாள் கடையடைப்புக்கு அழைப்பு விடுத்தது. ஹர்த்தால் என்று இன்றும் முதியோர் சொல்வது அதைத்தான். ஜார்ஜ்டவுனில் தொடங்கிய அந்தக் கடையடைப்பு அன்றே இனக் கலவரமாக மாறி, உயிர்கள் பலியாகி, தீவெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டு, அக்கரையிலும் பரவிற்று.

ஊரடங்கு சில மணி நேரம் தளர்த்தப்பட்ட ஒரு காலையில் நாளிதழ் வந்தது. அதிலிருந்த படம் ஒன்று என் நினைவில் உண்டு: ஆளரவமற்ற தெரு, அடைத்த கதவுகள், படத்தின் ஓரத்தில் ஒரு காவலரின் முதுகு. என் தந்தையார் அதை வெகுநேரம் பார்த்தார், கத்தரிக்கவில்லை. "இதில் நம் தெரு இருக்கிறது, நாம் இல்லையே" என்றார். கலைச்சொல் எதுவும் அறியாத ஒரு முடிதிருத்துநர் சொன்ன அந்தத் தொடரை விடச் சிறந்த விமர்சனத்தை நான் பின்னாளில் எந்த நூலிலும் படித்ததில்லை.

அந்தப் படம் பொய்யன்று. தெரு வெறிச்சோடியே கிடந்தது. ஆனால் ஊரடங்கு வேளையில் தெருவிலே நிற்க ஒருவருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டை வழங்குவோர் போலீசார். சீட்டுப் பெற்றவர் போலீஸ் வண்டியின் அருகே நிற்பார். அங்கிருந்து தெரிவதை எடுப்பார். கதவுக்குப் பின்னால் தாள்களை எண்ணிக்கொண்டிருப்பவன் அவர் கருவிக்கு அகப்படான். ஆகவே அப்படத்தின் ஆசிரியர் பாதி படப்பிடிப்பாளர், பாதி அந்தச் சீட்டு என்று சொல்வது மிகையாகாது.

தெருப் போராட்டத்தைப் படமெடுப்போர் நிற்கக்கூடிய இடங்கள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று, கலகத் தடுப்புப் போலீசாரின் கேடயங்களுக்குப் பின்புறம். இன்னொன்று, கூட்டத்தின் உட்புறம். முதலாவதில் பாதுகாப்பு உண்டு. தொலைவிலிருப்பதை இழுத்துக் காட்டும் கண்ணாடியைப் பொருத்தி நிதானமாக எடுக்கலாம். அவ்வாறு எடுத்தால் முன்னே கேடயங்களும் முதுகுகளும் பெரியனவாகவும், அவற்றுக்கப்பால் கூட்டம் முகமற்ற ஒரு திரளாகவும் விழும். உயர்ந்த கைகள் தெரியும். வாய் திறந்திருப்பது தெரியும். ஏன் திறந்தது என்பது தெரியாது. வாசகனும் தன்னையறியாமல் கேடயத்தின் பின்னே போய் நின்றுகொண்டு, "வருகிறார்கள்" என்று அஞ்சுகின்றான். இரண்டாவது இடத்தில் நின்றால் எல்லாம் தலைகீழாகும். தலைக்கவசம் அணிந்த வரிசைதான் அங்கே முகமற்றது. நீர்ப்பீய்ச்சல் வாசகனை நோக்கி வரும். பக்கத்தில் நிற்பவரின் நெற்றித் திருநீறு கரைவதுகூடத் தெரியும். இவ்விரண்டில் எதுவும் கற்பனையன்று. ஒரே தெரு, ஒரே நிமிடம், இரண்டு உண்மைகள். கவிதையில் கூற்று யாருடையது என்று கேட்காமல் தலைவி கூற்றைத் தோழி கூற்றாகப் படித்துவிட்டால் நம் புலவர்கள் சினப்பார்கள். படத்திலோ கூற்று யாருடையது என்று எவரும் கேட்பதில்லை.

2007ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாளை எடுத்துக்கொள்வோம். ஹிண்ட்ராப் அழைப்பை ஏற்றுக் கோலாலம்பூரில் திரண்ட பல்லாயிரவருள் பினாங்கிலிருந்து இரவோடிரவாகப் பேருந்தேறிச் சென்ற சிலரை நான் அறிவேன். பிரிட்டிஷ் தூதரகத்தில் மனுக் கொடுப்பது நோக்கம். விடியுமுன் பத்துமலைக் கோயில் வளாகத்திலும், பின்னர் அம்பாங் சாலையை ஒட்டிய தெருக்களிலும் கண்ணீர்ப்புகையும் மருந்து கலந்த நீரும் பாய்ந்தன. அன்றைய படங்கள் பலவற்றை நான் சேர்த்து வைத்திருக்கிறேன். அவற்றை மேசைமீது இரண்டு வரிசையாக அடுக்கினால் நான் மேலே சொன்ன வேற்றுமை குழந்தைக்கும் விளங்கும். ஒரு வரிசையில் வானத்தை வளைக்கும் நீர்க்கோடு, அப்பால் ஒரு கறுப்புத் திரள். மறு வரிசையில் காந்தியடிகளின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி நனைந்து நிற்கும் மனிதர். அன்று மாலையே இணையத்தில் பரவி உலகெங்கும் சென்றவற்றுள் இரண்டாம் வரிசைப் படங்கள் மிகுதி. மறுநாள் அச்சில் வந்தவற்றுள் என் பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் முதல் வரிசையைச் சேர்ந்தவை.

இதற்குக் காரணம் படப்பிடிப்பாளரின் கோழைத்தனம் என்று சொல்லிவிடுவது எளிது, நியாயமன்று. இணையச் செய்தித் தளத்திற்கு அச்சு உரிமம் தேவைப்படவில்லை. நாளிதழுக்குத் தேவைப்பட்டது. அவசரகாலத்தில் 1948ஆம் ஆண்டு பிறந்த அச்சகச் சட்டம் 1984இல் அச்சக, வெளியீட்டுச் சட்டமாக மறுவடிவம் பெற்றபோது உள்துறை அமைச்சின் கை வலுத்ததேயன்றித் தளரவில்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை ஒவ்வோர் இதழும் ஆண்டுக்கொரு முறை உரிமத்தைப் புதுப்பிக்கவேண்டும். 1987 அக்டோபர் 27ஆம் நாள் தொடங்கிய ஒப்பராசி லாலாங் கைது நடவடிக்கையில் நூற்றுக்கு மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ச் சிறைப்பட்டதை ஒட்டி மூன்று இதழ்களின் உரிமம் பறிக்கப்பட்டது: தி ஸ்டார், சின் சியூ ஜிட் போ, வத்தான். இவற்றுள் தி ஸ்டார் 1971இல் நம் ஜார்ஜ்டவுனில் பிறந்த பத்திரிகை; துங்கு அதில் தொடர்ந்து எழுதி வந்தார். அது மீண்டும் வெளிவர ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆயின. இதே பினாங்கில் 1977இல் தோன்றிய அலிரான் இயக்கம் மலாய் மொழியில் இதழ் நடத்த உரிமம் கேட்டு மறுக்கப்பட்டு, வழக்காடி, உயர்நீதிமன்றத்தில் வென்று, 1990இல் உச்சநீதிமன்றத்தில் தோற்றது.

தமிழிதழுக்கு நேர்ந்தது இன்னும் நேரடியானது. மக்கள் ஓசை நாளிதழ் 2007 ஆகஸ்டில் ஒரு மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது. அதற்குக் காரணம் ஒரு படம். ஏசுநாதர் கையில் சிகரெட்டுடன் தோன்றும் சித்திரம் ஒன்று முதற்பக்கத்தில் வெளியாகிக் கிறித்தவ அன்பர்களின் மனத்தைப் புண்படுத்திவிட்டது. படத்தை வெளியிட்டது தவறுதான். இதழும் வருத்தம் தெரிவித்தது. நான் சுட்ட விரும்புவது வேறு. ஒரு படத்திற்காக ஒரு மாதம் அச்சு நின்று மீண்ட இதழ், இரண்டே மாதங்களில் ஹிண்ட்ராப் பேரணிப் படங்களை எதிர்கொண்டது. எந்தப் படத்தை எத்தனை பத்தி அகலத்தில் போடுவது என்று அன்றிரவு மேசையருகே நின்றவர்களின் மனம் எப்படி இருந்திருக்கும்? 2008 ஏப்ரலில் அவ்விதழின் உரிமத்தைப் புதுப்பிக்க அமைச்சு மறுத்து, சில நாள்களுக்குள் அம்முடிவை மாற்றிக்கொண்டதையும் சேர்த்து எண்ணுக. தணிக்கை அதிகாரி ஒருவர் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஆண்டு முடிவில் ஒரு தேதி இருந்தால் போதும். அந்தத் தேதி படப்பிடிப்பாளரின் காலைப் பிடித்துக் கேடயத்தின் பின்னால் இழுத்து நிறுத்திவிடும்.

இதுவரை பத்திரிகையின் கருவியைப் பற்றிப் பேசினோம். தெருவிலே இன்னொரு கருவியும் உண்டு.

2012 ஏப்ரல் 28ஆம் நாள் தூய்மையான தேர்தல் கோரிப் பெர்சே மூன்றாம் பேரணி கோலாலம்பூரில் நடந்தபோது, பினாங்கிலும் எஸ்பிளனேட் திடலில் மக்கள் கூடினர். நான் வேடிக்கை பார்க்கப் போனேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் பேசுவோரையும் மஞ்சள் சட்டைக் கூட்டத்தையும் மாறிமாறி எடுத்தனர். அவர்களுக்கிடையே சாதாரண உடையணிந்த ஒருவர் மட்டும் பேசுவோரைத் திரும்பியும் பாராமல், வரிசை வரிசையாக முகங்களை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு முகம், அடுத்த முகம், அதற்கடுத்த முகம். பள்ளியில் வருகைப் பதிவேடு எடுக்கும் ஆசிரியரின் பொறுமை அவரிடம் இருந்தது. "எந்தப் பத்திரிகை?" என்று மலாயில் கேட்டேன். அவர் இனிமையாகச் சிரித்தார். என்னையும் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தார். அவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று வீடு திரும்பும் வழியில், என் மகன் அரசாங்க வேலைக்கு விண்ணப்பித்திருந்தது நினைவுக்கு வந்தது என்பதை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கலைநோக்கில் பார்த்தால் அவர் எடுத்த படங்கள் பத்திரிகைப் படங்களை விடக் குறைந்தவை என்று சொல்ல முடியாது. வெளிச்சம் நன்றாயிருந்தது, முகங்கள் தெளிவாகவே விழுந்திருக்கும். இரண்டையும் வேறாக்குவது படம் போய்ச் சேரும் இடம். ஒன்று பக்கத்திற்குப் போகிறது. மற்றது கோப்புக்குப் போகிறது. பக்கத்திற்குப் போனதை எடுத்தவனும் எடுக்கப்பட்டவனும் பார்க்கலாம், மறுக்கலாம், சண்டையிடலாம். கோப்புக்குப் போனதை எடுக்கப்பட்டவன் ஒருநாளும் பார்க்கமாட்டான். ஆனால் பக்கத்திற்கும் கோப்புக்கும் நடுவே உள்ள சுவர் மிக மெல்லியது; அதுதான் இக்கலையின் தீராத இடர். 1871ஆம் ஆண்டு பாரிஸ் கம்யூனின்போது தடையரண்களின்மேல் பெருமிதத்தோடு நின்று படமெடுத்துக்கொண்ட தொழிலாளர்களை, எழுச்சி நசுக்கப்பட்ட பின் அதே படங்களைக் கையில் வைத்துக்கொண்டு போலீசார் தேடிப் பிடித்தனர். வெற்றியின் நினைவாக எடுத்த படம் சில வாரங்களில் கைதுப்பட்டியலாயிற்று.

நூறாண்டு கழித்து, தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோவில் 1976 ஜூன் 16ஆம் நாள், சாம் இன்சிமா என்னும் கறுப்பினப் படப்பிடிப்பாளர் எடுத்த படம் உலகறிந்தது. சுடப்பட்ட ஹெக்டர் பீட்டர்சன் என்ற சிறுவனைக் கையிலேந்தி ஓடிவரும் இளைஞன். அருகே அலறியோடும் தமக்கை. போலீசார் பறித்துவிடுவர் என்று அஞ்சிய இன்சிமா படச்சுருளைத் தம் காலுறைக்குள் ஒளித்துக் கொண்டுபோனார். படம் வென்றது, எடுத்தவர் வேலையை விட்டு ஊரைவிட்டுப் போய், அங்கும் போலீசாரின் கண்காணிப்பில் வீட்டோடு அடைபட்டார். சிறுவனை ஏந்தி ஓடிய மபுயிசா மக்குபு என்னும் இளைஞனும் தொல்லை தாளாது நாட்டை விட்டு ஓடினான். திரும்பி வரவே இல்லை. இன்சிமா நின்ற இடத்தை நோக்குக. கேடயத்தின் பின்னால் நின்றிருந்தால் அந்த முகங்கள் அவருக்கு முதுகாகவே தெரிந்திருக்கும். முகங்கள் எதிரே வரும் இடத்தில் அவர் நின்றார். நின்றதால் படம் கிடைத்தது. கிடைத்ததால் மூன்று வாழ்க்கைகள் குலைந்தன. இவ்விரண்டையும் பிரித்துப் பாராட்டுவோர் பாதிப் படத்தையே பார்க்கின்றனர்.

நம் நாட்டுப் படப்பிடிப்பாளர்கள் அடிபடாதவர்களல்லர். நான் சொன்ன அதே ஏப்ரல் நாளில் கோலாலம்பூரில் செய்தியாளரும் படப்பிடிப்பாளருமாகப் பலர் போலீசாரால் தாக்கப்பட்டனர். கருவியிலிருந்த நினைவட்டைகள் பறிக்கப்பட்டன. காலுறைக்குள் சுருளை ஒளிக்கும் காலம் போய்விட்டது. நகத்தளவு அட்டையை ஒளிப்பது எளிது, பறிப்பதும் எளிது. ஆனால் எல்லாப் பழியையும் சீருடையின்மேல் சுமத்துவதும் பிழை. அதற்கு இரண்டு மாதம் முன்னர், பிப்ரவரி 26ஆம் நாள், எஸ்பிளனேடில் பேச்சுரிமைக்கென மாநில அரசே ஒதுக்கிய மூலையில் லைனஸ் ஆலைக்கு எதிரான கூட்டம் நடந்தது. எதிர்த்தரப்புக் கும்பலொன்று புகுந்து கலைத்த அமளியில் குவோங் வா, குவாங் மிங் என்னும் இரு சீன நாளிதழ்களைச் சேர்ந்தோர் காயமுற்றனர். குவோங் வா 1910இல் சுன் யாட்-சென் பினாங்கில் நிறுவியது. நூறாண்டு கடந்த அப்பத்திரிகையின் ஆளுக்கு அதன் சொந்த ஊர்த் திடலிலேயே அடி விழுந்தது. தன்னைப் பிறர் பார்ப்பதை விரும்பாத எவர்க்கும் படக்கருவி பகைதான். 2016 நவம்பரில் ஜார்ஜ்டவுன் இலக்கிய விழாவில் ஓவியர் சூனாரின் கேலிச்சித்திரக் கண்காட்சியில் புகுந்து கலகம் செய்தோரும் பொதுமக்களே. மறுநாள் தேச நிந்தனைச் சட்டத்தின்கீழ் அவரையே கைது செய்து சித்திரங்களையும் எடுத்துச் சென்றது போலீஸ். 2018 ஆகஸ்டில், ஆட்சி மாறிய சில மாதங்களில், ஜார்ஜ்டவுன் விழாக் கண்காட்சியிலிருந்து இருவரின் உருவப்படங்கள் மத்திய அமைச்சர் ஒருவரின் உத்தரவால் அகற்றப்பட்டன. கட்சிக்கொரு நீதியாக இதைப் பேச இயலாது.

கட்சிக்கொரு நீதி என்றதும் நம் வீட்டுக் கதைக்கு வந்தே ஆகவேண்டும். குளுகோர் வட்டாரத்தில் கம்போங் புவா பாலா என்றொரு தமிழ்க் கிராமம் இருந்தது. தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்த குடும்பங்கள். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரொன்றின் பெயரால் ஹை சாப்பரல் என்றும் அதை அழைப்பர். நிலம் அரசு ஊழியர் கூட்டுறவுச் சங்கத்திற்கும் அதன்வழி வீடமைப்பு நிறுவனத்திற்கும் போனது முந்தைய மாநில ஆட்சியில். வழக்கில் மக்கள் தோற்று, 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் போராட்டமும் வீடிடிப்பும் நடந்தது 2008இல் நம்மவர் பெரும் நம்பிக்கையோடு வாக்களித்துக் கொணர்ந்த ஆட்சியில். கிராமத்து வாயிலில் மக்கள் கைகோத்து நின்றனர். படப்பிடிப்பாளர்கள் வந்தனர், தமிழிதழ்களும் இம்முறை தயங்கவில்லை. பக்கம் பக்கமாகப் படங்கள் வந்தன.

அப்படங்களை இன்று எடுத்துப் பார்க்கும்போது எனக்குள்ள குறை வேறு வகையானது. கேடயத்தின் பின்னால் நின்று எடுத்தவை அல்ல அவை. மக்கள் பக்கம் நின்று எடுத்தவையே. ஆனால் பெரும்பாலானவற்றில் அழும் மூதாட்டி, அல்லது கூரையைக் கவ்வும் இயந்திரம், அல்லது ஒன்றும் அறியாமல் நிற்கும் ஒரு பசு. பசு எத்தனை முறை வந்துவிட்டது என்று எண்ணிப் பார்த்து நானே வெட்கப்பட்டேன். அம்மக்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறியவர்கள். நிலத்தின் வரலாற்றை ஆவணங்களோடு பேசத் தெரிந்தவர்கள். அமைச்சரோடும் நிறுவனத்தோடும் நேருக்கு நேர் அமர்ந்து வாதிட்டவர்கள். மேசைமீது கோப்புகளை விரித்து வைத்துக்கொண்டு வாதிடும் ஒரு பெண்ணின் படம் என் பெட்டியில் ஒன்றுகூட இல்லை. கண்ணீர் மட்டும் தேவைக்கு மேல் இருக்கிறது. போலீசின் கருவி அவர்களைச் சட்டத்தை மீறுவோராகக் கண்டது. நம் கருவி அவர்களை இரங்கத்தக்கவராகக் கண்டது. உரிமை கேட்பவராகக் காண இரண்டு கருவிக்கும் தெரியவில்லை. இரக்கத்திற்கு உரிமம் பறிபோகாது என்பது இதழ்களுக்குத் தெரியும். இப்படிச் சொல்வது கடுமையாக இருக்கலாம். அன்று வெயிலில் நின்று எடுத்தவர்களின் உழைப்பை நான் குறைக்கவில்லை. மூதாட்டி உண்மையாகவே அழுதார். எனினும் படம் எடுப்பவர் எங்கே நின்றார் என்று கேட்பதோடு நில்லாமல், எந்தக் கணத்திற்காகக் காத்திருந்தார் என்றும் கேட்டாக வேண்டும்.

அடிக்குறிப்பைப் பற்றியும் ஒரு சொல். நம் இதழ்ப் படங்களின் கீழே படப்பிடிப்பாளரின் பெயர் இருப்பதில்லை. என் பெட்டியிலுள்ள தமிழ் நறுக்குகளில் பெயருள்ளவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஒருமுறை இதை ஒரு மூத்த ஆசிரியரிடம் கேட்டபோது, "பெயர் போட்டால் அவனைத்தானே தேடி வருவார்கள்?" என்றார். வாயடைத்துப் போனேன். கண்காணிப்பு மிகுந்த இடத்தில் பெயரின்மை ஒரு குடை என்பது உண்மையே. பின்னர் யோசித்தேன். தேடி வருபவர்களுக்குப் பெயர் தெரியாமலா இருக்கும்? அலுவலகத்தைக் கேட்டால் தெரிந்துவிடும். தெரியாமல் போவது வாசகனுக்குத்தான். நாளை அந்தப் படப்பிடிப்பாளன் அடிபட்டுக் கிடந்தால், இன்னார் எடுத்த இன்ன படத்தை நாம் பார்த்திருக்கிறோம் என்று சொல்ல ஊரில் ஒருவரும் இரார். சிறுகதையாசிரியர் பெயரை எழுத்துப்பிழையின்றி அச்சிடவேண்டுமென்று சங்கத்தில் தீர்மானம் போடும் நாம் இதைப் பற்றி ஒரு தீர்மானமும் போட்டதில்லை.

இன்று எல்லார் கையிலும் கருவி இருக்கிறது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் முறையும் போயிற்று. 2025இல் ஊடக மன்றத்திற்குச் சட்டம் வந்தது. இவற்றால் என் வினாக்கள் பழமையாகிவிட்டன என்று இளைய நண்பரொருவர் வாதிட்டார். கருவி பெருகினால் கோப்பும் பெருகும் என்பதே என் விடை. முன்பு முகத்தைப் படமெடுக்க ஒருவர் திடலுக்கு வரவேண்டியிருந்தது. இப்போது நாமே எடுத்து, நாமே பெயரெழுதி, ஊரறிய வைத்துவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்பின் நினைவு மலர்க் குழுவில் நானும் இருந்தேன். 2007 பேரணியில் எடுத்த ஒரு படம் எங்கள் கைக்கு வந்தது. எடுத்தவர் பகுதிநேரச் செய்தியாளர்; காலமாகிவிட்டார். கூட்டத்தின் நடுவே நின்று எடுத்த படம்: நனைந்த இளைஞர் ஏழெட்டுப் பேர், நடுவில் ஒருவன் நேராகக் கருவியைப் பார்க்கிறான். இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்தவற்றுள் மிகச் சிறந்த படம் அது என்று தயங்காமல் சொல்வேன். அச்சமும் வியப்பும் ஒரு சிறு சிரிப்பும் அந்த ஒரே முகத்தில் இருந்தன. அந்த இளைஞர் இப்போது தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்பது தெரியவந்ததும் குழுவில் வாக்குவாதம் எழுந்தது. போடலாம் என்றார் ஒருவர். முகத்தை மறைத்துப் போடலாம் என்றார் மற்றொருவர். மறைத்தால் படமே இல்லை என்றேன் நான். முடிவில் அவரையே கேட்பதென்று, நானும் இன்னொருவரும் அவர் வீட்டுக்குப் போனோம்.

அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். படத்தை வாங்கிச் சன்னலருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். தம் முகத்தை இவ்வளவு காலம் கழித்துப் பார்ப்பதாகச் சொன்னார். "என்னைப் போடுவதானால் போடுங்கள் ஐயா, எனக்கு மறுப்பில்லை" என்றார். எங்களுக்கு மகிழ்ச்சி. பிறகு அவர் படத்தின் வலது ஓரத்தில் விரலை வைத்தார். அங்கே, ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து, பாதி முகம் தெரிய ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். பதினாறு பதினேழு வயதிருக்கும். "இவரைக் கேட்டீர்களா?" என்றார்.

யாரென்று எங்களுக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. மலர் அந்தப் படமின்றியே வெளிவந்தது. படம் என்னிடம் இருக்கிறது. பினாங்கிலிருந்து அன்று பேருந்தேறியவர்களில் எனக்குத் தெரிந்த ஒவ்வொருவரிடமும் அதைக் காட்டி, அந்தப் பையனைத் தெரியுமா என்று கேட்டு வருகிறேன். கையில் ஒரு முகத்தை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் விசாரிக்கும்போது, எஸ்பிளனேடில் என்னைப் பார்த்துச் சிரித்த அந்த மனிதர் நினைவுக்கு வராத நாளில்லை.